ஆயிரம் பசு பலம்



மென்பொருளின் திரைச்செய்திகளில் கொச்சை வழக்கும் உள்வட்டக் கிண்டலும் வந்தால் அவற்றைத் தமிழில் என்ன செய்வது என்பதுதான் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். 'கலைச்சொல் ஆக்கவே ஆள் போதவில்லை, கிண்டலுக்கு என்ன அவசரம்?' என்று நண்பர்கள் கேட்டார்கள். கலைச்சொல்லுக்கு அகராதி இருக்கிறது, வல்லுநர் குழு இருக்கிறது, அரசாணை இருக்கிறது. கிண்டலுக்கு எதுவும் கிடையாது. மொழிபெயர்ப்பவர் யார் துணையும் இல்லாமல் நிற்கிற இடம் அது. ஒரு மென்பொருளுக்குத் தமிழ் வாயில் வந்திருக்கிறதா, எழுத்தில் மட்டும் வந்திருக்கிறதா என்பது அந்த இடத்தில் தெரிந்துவிடும். அதனால்தான் இதைப் பேச விரும்பினேன்.

நம் இலக்கணத்திலிருந்தே தொடங்கலாம். நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்று மூன்றாக வகுத்தார். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பதும் குழூஉக்குறிக்குப் பள்ளிக்கூடத்தில் நாம் படித்த சான்றுகள். ஒரு தொழிலைச் செய்கிற கூட்டம் தனக்குள் புழங்குகிற சொல் அது. நிரல் எழுதுகிறவர்களும் அப்படியொரு கூட்டம்தான். 1975இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ராஃபேல் ஃபின்கெல் அந்தக் கூட்டத்தின் சொற்களைத் தொகுக்கத் தொடங்கினார். 'ஜார்கன் ஃபைல்' என்று பெயர் பெற்ற அந்தத் தொகுப்பு 1983இல் நூலாகவே வெளிவந்தது. 

பொற்கொல்லரின் 'பறி' பட்டறையைத் தாண்டி வாங்க வந்தவர் காதில் விழுந்தாலும் புரியக்கூடாது. அதற்காகவே உண்டான சொல் அது. நிரலாளரின் குழூஉக்குறி போன வழி வேறு. எழுதியவரும் பயன்படுத்தியவரும் ஒரே ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்திருந்த காலத்தில், ஒருவரை ஒருவர் சீண்ட எழுதிய வரிகள் அவை. நிரல் உலகமெங்கும் போனபோது அந்த வரிகளும் கூடவே போயின. தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்எச் என்ற நிரலில் நெடுங்காலம் ஒரு செய்தி இருந்தது. உங்கள் பயனர் எண்ணுக்குரிய பெயர் கணினியின் பதிவேட்டில் இல்லாவிட்டால், 'நீ என்று ஒருவர் இல்லவே இல்லை, போய் வா' என்கிற பொருளில் ஆங்கிலத்தில் விரட்டும். எழுதியவரின் பக்கத்து மேசைக்காரர் அதைப் படித்துச் சிரித்திருப்பார். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் இரவுப் பணியில் தனியாக உட்கார்ந்து படித்தால் சிரிப்பு வருமா? பின்னாளில் அதை எழுதியவர்களே நீக்கிவிட்டு, 'இந்த எண்ணுக்குப் பயனர் யாரும் இல்லை' என்று மாற்றிக்கொண்டார்கள்.

இப்படிப்பட்ட வரி மொழிபெயர்ப்பவர் கைக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கட்டற்ற மென்பொருள் உலகில் 1995 முதல் குனு கெட்டெக்ஸ்ட் என்ற கருவி புழக்கத்தில் இருக்கிறது. நிரலுக்குள் சிதறிக் கிடக்கும் செய்திகளையெல்லாம் அது பொறுக்கி ஒரு கோப்பில் சேர்த்துவிடும். பி.ஓ. கோப்பு என்பார்கள். மேலே ஆங்கில வரி, கீழே வெற்று மேற்கோள்குறி. அதற்குள் தமிழை எழுத வேண்டும். அடுத்து இன்னொரு ஆங்கில வரி, இன்னொரு வெற்று மேற்கோள்குறி. ஆயிரக்கணக்கில் இப்படி வரும். அந்த வரி திரையில் எங்கே தோன்றும், யாரிடம் சொல்லப்படுகிறது, கோபமா விளையாட்டா என்பதெல்லாம் கோப்பில் இருக்காது. நிரலாளர் நினைத்தால் மொழிபெயர்ப்பாளருக்கென்று மேலே ஒரு குறிப்பு எழுதலாம். கருவி அதையும் எடுத்துக்கொண்டு வந்து சேர்க்கும். பெரும்பாலானோர் எழுதுவதில்லை. முகமும் குரலும் இல்லாத வசனத்தை வைத்துக்கொண்டு, பேசுகிறவர் எப்படிப்பட்ட ஆள் என்று ஊகிக்க வேண்டிய வேலை இது.

இனி ஒரு நிரலை நெருங்கிப் பார்ப்போம். டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வழங்கல்களில் மென்பொருள் நிறுவப் பயன்படுவது ஆப்ட். வேண்டிய மென்பொருளின் பெயரைச் சொன்னால் இணையத்திலிருந்து இறக்கி நிறுவித் தரும். அதன் உதவிப் பக்கத்தின் கடைசி வரி, 'இந்த ஆப்ட்டுக்கு சூப்பர் கௌ பவர்ஸ் உண்டு' என்று முடியும். ஏன் மாடு, என்ன சக்தி என்பதற்கு விளக்கம் கிடையாது. 'ஆப்ட்-கெட் மூ' என்று தட்டினால் அடைப்புக்குறிகளாலும் கோடுகளாலும் வரைந்த ஒரு மாடு திரையில் வந்து நின்று, 'இன்று மூ என்று கத்தினீர்களா?' என்று கேட்கும். அவ்வளவுதான் வேடிக்கை. ஆப்டிட்யூட் என்ற அதன் உறவுக்கார நிரலோ தன் உதவிப் பக்கத்தில், 'இந்த ஆப்டிட்யூடுக்கு சூப்பர் கௌ பவர்ஸ் கிடையாது' என்று சொல்லிக்கொள்ளும்.

பிற மொழிக்காரர்கள் என்ன செய்தார்கள்? ஜெர்மானியர் அப்படியே 'சூப்பர் மாட்டுச் சக்திகள்' என்றார்கள். ஸ்பானியரும் அதே வழி. பிரெஞ்சுக்காரர்கள் ஒருபடி மேலே போய், 'சூப்பர் மாட்டின் சூப்பர் சக்திகள்' என்று சூப்பரை இரண்டாக்கி மேற்கோள்குறிக்குள் வைத்தார்கள். ஜப்பானியர் அந்த மூன்று ஆங்கிலச் சொற்களைத் தொடாமல் விட்டுவிட்டுச் சுற்றியிருந்ததை மட்டும் தங்கள் மொழிக்கு மாற்றினார்கள். நான்கும் நேர்மையான முடிவுகள்தான்.

தமிழுக்கு வரும்போது கை முதலில் 'காமதேனு'வை நோக்கிப் போகும். கேட்டதையெல்லாம் தரும் தேவலோகப் பசு, கேட்ட மென்பொருளையெல்லாம் தரும் ஆப்ட். பொருத்தம் பிரமாதம். இந்த யோசனையைக் கேட்டவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் இதில் உடன்பாடு இல்லை. மூல வரியின் உயிரே அதில் அர்த்தம் எதுவும் இல்லை என்பதில் இருக்கிறது. காமதேனு என்றவுடன் வரிக்கு அர்த்தம் வந்துவிடுகிறது, புராணம் வந்துவிடுகிறது, பக்தியும் ஒட்டிக்கொள்கிறது. வேடிக்கை போய் விளம்பரம் ஆகிவிடுகிறது. 'அதிசக்திப் பசுவின் ஆற்றல்கள்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தாலோ, ஏதோ சத்துமாவு டப்பாவின் மேல் அச்சிட்ட வாசகம் போல் இருக்கிறது.

நான் சொல்லும் வரி இது: 'இந்த ஆப்ட்டுக்கு ஆயிரம் பசு பலம் உண்டு.' தமிழ்க் காதுக்கு 'ஆயிரம் யானை பலம்' என்பது பழகிய தொடர். யானை வர வேண்டிய இடத்தில் பசு வந்து நிற்பதைக் கண்டதும் படிப்பவர் உதடு விரியும். மாடு மாறவில்லை, பெருமையடிப்பு மாறவில்லை, அர்த்தமின்மையும் மாறவில்லை. சிரிப்பு மட்டும் தமிழுக்குள்ளிருந்து பிறக்கிறது. நம் ஊர் மாடு 'மூ' என்று கத்தாது, 'ம்மா' என்றுதான் கத்தும். ஆகவே அந்தக் கேள்வியை, சாப்பிட்டாச்சா என்று விசாரிக்கிற அதே தொனியில், 'இன்னிக்கு ம்மா சொல்லியாச்சா?' என்று கேட்கலாம். ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆப்டிட்யூடின் வரியை வேறொருவர் வேறொரு நாளில் மொழிபெயர்ப்பார். அவர் அங்கே 'மாட்டு ஆற்றல் இல்லை' என்று எழுதினால் இரண்டு நிரல்களுக்கும் நடுவே ஓடும் சீண்டல் அறுந்துவிடும். ஒரே வேடிக்கை இரண்டு வீட்டில் குடியிருந்தால், இரண்டு வீட்டுக்கும் சொல்லிவிட வேண்டும்.

ஆப்டிட்யூடின் மறைவேடிக்கை இன்னும் சுவையானது. அதனிடம் 'மூ' என்று சொன்னால், 'இந்த நிரலில் ஈஸ்டர் முட்டைகள் எதுவும் இல்லை' என்று பதில் வரும். நிரலுக்குள் ஒளித்துவைத்த வேடிக்கையை ஈஸ்டர் முட்டை என்பது அந்தக் கூட்டத்தின் வழக்கு. அட்டாரி நிறுவனத்தின் 'அட்வென்ச்சர்' விளையாட்டில் வாரன் ராபினெட் தன் பெயரை ரகசிய அறை ஒன்றில் ஒளித்துவைத்ததை ஒட்டி அங்கே உண்டான பெயர். ஈஸ்டர் நாளில் தோட்டத்தில் முட்டையை ஒளித்துவைத்துப் பிள்ளைகளைத் தேடவிடுகிற வழக்கத்திலிருந்து வந்தது. தமிழ்க் கிறித்தவர்களுக்கு ஈஸ்டர் தெரியும். முட்டை தேடும் வழக்கம் நம் ஊர்களில் பரவலாக இல்லை. 'புதையல்' என்றால் ஒளித்ததும் தேடுவதும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன.

அதோடு முடியவில்லை. கட்டளையோடு 'வி' என்ற எழுத்தை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால் நிரல் பொறுமை இழந்துகொண்டே போகும். ஆங்கிலத்தில் அந்தப் பொறுமையிழப்பு சொற்களில் மட்டும் இருக்கிறது. தமிழில் நம்மிடம் கூடுதலாக ஒரு கருவி இருக்கிறது: எழுத்து வழக்கு, பேச்சு வழக்கு என்ற இரட்டை வழக்கு. நான் அந்த வரிகளை இப்படி எழுதுவேன்.

'இந்த நிரலில் புதையல் எதுவும் இல்லை.'
'உண்மையாகவே இந்த நிரலில் புதையல் எதுவும் இல்லை.'
'புதையல் இல்லையென்று முன்பே சொன்னேன் அல்லவா?'
'போதும், நிறுத்துங்க!'
'சரி சரி, ஒரு புதையல் குடுத்தா கிளம்பிடுவீங்களா?'
'ஆகட்டும், நீங்க ஜெயிச்சுட்டீங்க.'

முதல் மூன்றும் அலுவலகத் தமிழ். நான்காவதில் கட்டு தளர்ந்து பேச்சு உடைத்துக்கொண்டு வருகிறது. கோபத்தை இலக்கண மாற்றமே காட்டிவிடுகிறது. ஆச்சரியக்குறியை நம்பியிருக்க வேண்டியதில்லை. 'நீங்க'விலிருந்து 'நீ'க்கு இறக்கலாமே என்று கேட்கலாம். வேண்டாம். பொத்தானில் 'சேமி', 'நீக்கு', 'மூடு' என்று ஒருமையில் எழுதுகிறோம். அது மனிதர் இயந்திரத்துக்கு இடுகிற கட்டளை. செய்தியோ இயந்திரம் மனிதரிடம் பேசுவது. எவ்வளவு சலித்துக்கொண்டாலும் அது மரியாதை குறையாமல் சலித்துக்கொள்ளட்டும்.

ஜெயித்த பிறகு திரையில் ஒரு படம் வரும். இது என்ன என்று மேலும் கேட்டால், பாம்பு விழுங்கிக்கொண்டிருக்கும் யானை, வேறென்ன என்று பதில் வரும். அந்த்வான் து செந்த்-எக்சுபெரி 1943இல் வெளியிட்ட நூலில் வரும் புகழ்பெற்ற படத்தைக் குறிக்கிற வேடிக்கை அது. பெரியவர்கள் கண்ணுக்குத் தொப்பியாகத் தெரிகிற படம். 'குட்டி இளவரசன்' என்ற பெயரில் 1981இல் க்ரியா வெளியீடாக, ச. மதனகல்யாணியும் வெ. ஸ்ரீராமும் பிரெஞ்சிலிருந்து நேரடியாகத் தமிழாக்கித் தந்திருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக இங்கே வாசிக்கப்படுகிற நூல். ஆகவே இந்த இடத்தில் மாற்றாகத் தமிழ்க் கதை எதையும் தேடிப்போக வேண்டாம். நம் வாசகருக்கு அந்த யானையும் பாம்பும் ஏற்கெனவே அறிமுகம். மொழிபெயர்ப்பாளர் அந்தப் புத்தகத்தை எடுத்து அங்கே என்ன சொற்கள் ஆளப்பட்டிருக்கின்றன என்று பார்த்துக்கொண்டால் போதும். இலக்கிய மொழிபெயர்ப்பாளர்கள் செய்த வேலை மென்பொருளுக்குள் வந்து கைகொடுக்கிற அபூர்வமான இடம் இது. இதைச் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

இதுவரை சொன்னவை ஓய்வாக உட்கார்ந்து விளையாடுகிறவருக்கான வேடிக்கைகள். இடருக்கு நடுவே வரும் வேடிக்கை வேறு வகை.

2008இல் வந்த குரோம் உலாவியில் பக்கம் செயலிழந்தால் 'ஆ, ஸ்னாப்!' என்று வரும். அமெரிக்கப் பேச்சில் லேசான ஏமாற்றத்துக்குச் சொல்கிற சொல். பிரெஞ்சில் 'அய், அய், அய்' என்று வைத்தார்கள். நமக்கும் வியப்பிடைச்சொற்களில் பஞ்சமில்லை: அடடா, ஐயோ, ஐயையோ, அச்சச்சோ, போச்சு. இவற்றுள் எது என்பதில் நிதானம் வேண்டும். 'ஐயையோ' என்பது வீட்டில் இழவு விழுந்தாலும் எழுகிற குரல். ஒரு வலைப்பக்கத்துக்கு அது மிகை. 'அச்சச்சோ' குழந்தை விழுந்தால் சொல்வது. 'அடடா' சரியான அளவு: வருத்தம் உண்டு, பதற்றம் இல்லை, மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் கோலாலம்பூரிலும் ஒரே பொருள்.

அதே குரோமில் நினைவகம் போதாமல் பக்கம் நின்றுபோனால் இன்னொரு செய்தி வந்தது: 'ஹீ'ஸ் டெட், ஜிம்!' 1966இல் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்' தொலைக்காட்சித் தொடரில் மருத்துவர் மெக்காய், கப்பல் தலைவர் ஜேம்ஸ் கிர்க்கிடம் சொல்கிற வசனம். அந்தத் தொடரைப் பார்த்து வளர்ந்தவருக்கு அது பாசமான நினைவு. இப்போது நம் ஊர் இ-சேவை மையம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். ஒரு தாய் மகளின் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பம் நிரப்ப வந்திருக்கிறார். பாதியில் பக்கம் நின்றுவிட்டது. திரையில் 'அவர் இறந்துவிட்டார், ஜிம்!' என்று தமிழில் வந்தால் அவர் யாரைப் போய்க் கேட்பார்? யார் ஜிம், இறந்தது யார், விண்ணப்பம் என்ன ஆயிற்று?

வசனத்துக்கு வசனம் வைத்தால் என்ன என்று இளைஞர்கள் கேட்பார்கள். வடிவேலு இருக்கிறார், எந்த நிலைமைக்கும் அவரிடம் ஒரு வசனம் உண்டு. 2019 மே மாதக் கடைசியில் நடந்தது நினைவிருக்கும். ஒரு சுத்தியலின் படத்தைப் போட்டு உங்கள் ஊரில் இதன் பெயர் என்ன என்று முகநூலில் யாரோ கேட்க, 2001இல் வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் வடிவேலு நடித்த கான்ட்ராக்டர் நேசமணியின் தலையில் அது விழுந்த கதையை ஒரு தமிழர் விளக்க, நேசமணி நலம்பெற வேண்டுகிற ட்விட்டர் வாசகம் உலகப் பட்டியலில் ஏறியது. தமிழ் தெரியாதவர்கள் நேசமணி யார், என்ன விபத்து என்று மெய்யாகவே கவலையோடு விசாரித்தார்கள். உள்வட்டக் கிண்டலுக்கு வெளியே நிற்பது எப்படிப்பட்ட அனுபவம் என்று அன்று உலகம் நம்மால் அறிந்தது. நாம் அன்றாடம் ஆங்கிலத் திரையின் முன் அந்த நிலையில்தான் நிற்கிறோம்.

வடிவேலு வசனம் யாழ்ப்பாணத்திலும் சிங்கப்பூரிலும் எடுபடும், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் நட்டம் நேர்ந்த இடத்தில் வேண்டாம் என்பேன். விண்ணப்பம் போனவருக்கு முதலில் தெரிய வேண்டியது மூன்று: என்ன நடந்தது, எழுதியது பிழைத்ததா, அடுத்து எதை அழுத்த வேண்டும். 'கணினியில் நினைவகம் போதவில்லை. இந்தப் பக்கம் நின்றுவிட்டது. மீண்டும் ஏற்றிப் பாருங்கள்.' இதில் சிரிப்பு இல்லைதான். மூலத்திலிருந்த சிரிப்பை நான் வேண்டுமென்றே கைவிடுகிறேன். அது மூலத்துக்குத் துரோகம் என்று எனக்குப் படவில்லை, ஏனென்றால் அந்தச் செய்தியின் வேலை அந்தத் தாயை மறுபடி விண்ணப்பத்தின் முன் கொண்டுபோய் உட்காரவைப்பது.

விண்டோஸ் 95 காலத்தில் 'இந்த நிரல் சட்டவிரோதமான செயலைச் செய்துவிட்டது' என்ற பொருள்பட வந்த ஆங்கிலச் செய்தியைப் பார்த்து மக்கள் மிரண்டது பலருக்குத் தெரியும். இயந்திரம் அனுமதிக்காத செயல் என்பதைத்தான் அந்தக் கூட்டம் தன் வழக்கில் அப்படிச் சொன்னது. ஆங்கிலம் பேசுகிறவர்களே போலீஸ் வருமோ என்று பயந்த செய்தி அது. 2006 ஜூனில் யூடியூப் பராமரிப்புக்காகச் சிறிது நேரம் மூடப்பட்டபோது, 'ஆல் யுவர் வீடியோ ஆர் பிலாங் டு அஸ்', அதாவது உங்கள் வீடியோ எல்லாம் எங்களுடையது, என்று இலக்கணம் பிசகிய ஒரு வரியைப் போட்டிருந்தார்கள். 'ஜீரோ விங்' என்ற ஜப்பானிய விளையாட்டின் மோசமான ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து பிறந்து இணையத்தில் பரவிய கிண்டல் அது. தளத்தை யாரோ கைப்பற்றிவிட்டார்கள் என்று பலர் நம்பிவிட்டார்கள். ஒரு தவறான மொழிபெயர்ப்பு வேடிக்கையாகி, அந்த வேடிக்கை திரைச்செய்தியாகி, அது தன் மொழிக்காரரையே கலங்கடித்தது. அடுத்த மொழிக்காரர் எம்மாத்திரம்?

ஃபயர்ஃபாக்ஸில் நுட்ப அமைப்புகளை மாற்றும் பக்கத்தைத் திறந்தால், 'இதனால் உங்கள் வாரன்ட்டி செல்லாமல் போகலாம்!' என்று ஓர் எச்சரிக்கை 2008 முதல் பல ஆண்டுகள் இருந்தது. பொத்தானில், 'கவனமாக இருப்பேன், சத்தியம்!' இலவச உலாவிக்கு வாரன்ட்டி ஏது? அதன் உரிமமே உத்தரவாதம் எதுவும் கிடையாது என்று சொல்கிறது. இல்லாத ஒன்று போய்விடும் என்பதில்தான் வேடிக்கை. தமிழில் அதை அப்படியே வைத்தால், போன மாதம் தவணையில் மடிக்கணினி வாங்கியவர் உடனே பக்கத்தை மூடிவிடுவார். கடைக்காரர் கையெழுத்திட்டுத் தந்த வாரன்ட்டி அட்டை அவர் பெட்டியில் இருக்கிறதே. விளையாட்டுத் தொனி வேண்டும் என்று மொழிபெயர்ப்பாளர்களுக்குக் குறிப்பே எழுதியிருந்தார்கள். அந்தக் குறிப்பை மதித்தால், 'கையைச் சுட்டுக்கொள்ளாதீர்கள்!' என்று எச்சரித்து, பொத்தானில் 'பார்த்து நடந்துக்கிறேன், சத்தியம்!' என்று எழுதலாம். 2019இல் அந்த உலாவியை உருவாக்கும் மோசில்லாவே இந்த வேடிக்கையை எடுத்துவிட்டுக் கவனமாகத் தொடரச் சொல்கிற சாதாரண வாசகத்தை வைத்துவிட்டது.

அதே ஃபயர்ஃபாக்ஸில் 2008இல் ரோபோக்களுக்கென்று ஒரு மறைபக்கம் வந்தது. மனிதர்களே வருக என்று வரவேற்கும். ஐசக் அசிமோவின் விதி, 'பிளேடு ரன்னர்' படம், டக்ளஸ் ஆடம்ஸின் நாவல், 'ஃப்யூச்சுராமா' கேலிச்சித்திரத் தொடர் என்று வரிக்கு வரி அறிவியல் புனைவின் ரோபோக்கள். இங்கே எழுதியவர்கள் ஓர் அருமையான காரியம் செய்தார்கள். இவை வெறும் குதூகலத்துக்காக எழுதப்பட்டவை, மொழிபெயர்ப்பில் உங்கள் கற்பனையைக் காட்டுங்கள் என்று கோப்பிலேயே எழுதிவைத்தார்கள். ஒரு மொழிபெயர்ப்பாளருக்கு இதைவிடப் பெரிய கௌரவம் வேறில்லை. யாருக்கும் இழப்பு இல்லாத பக்கம், நேரமும் இருக்கிறது, அனுமதியும் கிடைத்துவிட்டது. இங்கே பொழிப்புரை எழுதினால் அது சோம்பல். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் பேசிய ஜீனோ என்ற இயந்திர நாய் நமக்கு உண்டு. 2010இல் 'எந்திரன்' தந்த சிட்டி உண்டு. இந்தப் பக்கத்தின் தமிழ் வடிவத்தில் அவர்கள் இருவரும் வந்து நிற்க வேண்டும். ஜீனோவின் குறும்பு தெரிந்த ஒருவர் எழுத வேண்டிய பக்கம் அது.

சில சொற்களை வேகமாகக் கடந்துவிடலாம். யூனிக்ஸில் முடிந்துபோன பின்னும் பட்டியலில் பெயர் நீங்காத செயல்களை 'ஜாம்பி' என்பார்கள். 'நடைப்பிணம்' என்று பெயர்க்க ஆசை வரும். ஜாம்பிகளை வைத்து 'மிருதன்' படம் வந்தாயிற்று, 'ஜாம்பி' என்ற பெயரிலேயே படம் வந்தாயிற்று. சொல் தமிழாகிவிட்டது, அதையே வைக்கலாம். 'கில் சைல்டு' போன்றவற்றைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கிப் பிள்ளையைக் கொல்லச் சொல்கிற திரையை நம் வீட்டில் யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். 'துணைச்செயலை நிறுத்து' போதும். நிரலின் ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியது யார் என்று காட்டும் கட்டளைக்கு 'பிளேம்', அதாவது பழி, என்று பெயர். சப்வெர்ஷன் என்ற கருவியில் அதே கட்டளைக்குப் 'பிரெய்ஸ்', அதாவது பாராட்டு, என்றும் ஒரு பெயர் உண்டு. இரண்டும் ஒன்றாக இருக்கும்போதுதான் வேடிக்கை. ஒன்று மட்டும் வந்தால் 'யார் எழுதியது' என்று வைப்பதே நாகரிகம்.

'குரு மெடிடேஷன்' மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. 1985இல் வந்த அமிகா கணினி முற்றாக நின்றுபோனால் திரையில் இந்தப் பெயரோடு ஓர் எண் வந்தது. அதை உருவாக்கியவர்கள் ஜாய்போர்டு என்ற பலகையின் மேல் அசையாமல் உட்கார்ந்து விளையாடி மன அழுத்தம் தணித்துக்கொண்டதிலிருந்து வந்த கிண்டல். பின்னாளில் விர்ச்சுவல்பாக்ஸ், வார்னிஷ் போன்ற மென்பொருள்களும் இதை எடுத்துக்கொண்டன. இரண்டில் ஒரு சொல் நம் நாட்டிலிருந்து போனது. அதை மறுபடி 'குரு தியானம்' என்று கொண்டுவந்தால் இங்கே யாருக்கும் சிரிப்பு வராது. குருவும் தியானமும் நமக்கு அன்றாடம் கேட்கிற சொற்கள். தள்ளி நின்று பார்ப்பதால் எழுந்த சிரிப்பு, பக்கத்தில் இருப்பவருக்கு எழாது. விர்ச்சுவல்பாக்ஸ் திரையில் மெய்நிகர் கணினி செயலற்று நின்றுவிட்டது என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, தேடுவதற்கு உதவியாக மூலப்பெயரைத் தமிழ் எழுத்தில் பக்கத்தில் வைப்பதே சரி.

எந்தப் பேச்சுத் தமிழ் என்ற கேள்வி வந்தே தீரும். மோசில்லா ஒரு காலத்தில் தமிழுக்கு இரண்டு வடிவங்களை வைத்திருந்தது. ஒன்று பொதுத்தமிழ், மற்றது இலங்கைத் தமிழ். தன்னார்வலர் எண்ணிக்கை குறைவான நமக்கு இரண்டையும் காப்பாற்றுவது பெரும்பாடு. நாம் எழுதும் கிண்டல் சென்னை வழக்கில் மட்டும் இருந்தால் மட்டக்களப்பில் இருப்பவர் மறுபடி வெளியாள் ஆகிறார். ஆங்கிலத்துக்கு முன் நாம் நின்ற நிலையை அவருக்கு நாமே தருகிறோம். பகுதிக்குப் பகுதி மாறும் வினைமுற்றுகளைக் குறைத்து, எல்லாருக்கும் பொதுவான இடைச்சொற்களையும் பழகிய தொடர்களையும் நம்பினால் பெருமளவு தப்பிக்கலாம். இந்த ஆண்டின் கொச்சையை வைப்பதும் எனக்கு உகந்ததல்ல. திரைச்செய்தி பத்து ஆண்டு அப்படியே இருக்கும். கல்லூரி வளாகச் சொல்லுக்கு அவ்வளவு ஆயுள் கிடையாது.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விக்கிப்பீடியாவின் திரைச்செய்திகள் டிரான்ஸ்லேட்விக்கி தளத்தில் மொழிபெயர்க்கப்படுகின்றன. அங்கே தமிழ், பிரெஞ்சு என்று மொழிகளுக்குக் குறியீடு இருப்பது போல 'க்யூக்யூக்யூ' என்று ஒரு குறியீடும் உண்டு. அது எந்த மொழியும் அல்ல. இந்தச் செய்தி எங்கே வரும், எதைக் குறிக்கிறது, எது விளையாட்டு என்று விளக்குவதற்கென்றே ஒதுக்கிய இடம். கட்டற்ற மென்பொருளுக்குத் தமிழாக்கம் செய்ய வருகிற ஒவ்வொருவரும் அங்கே போய் ஒரு மாலை வாசியுங்கள். ஒரு வரியின் வேடிக்கை உங்களுக்குப் பிடிபட்டால் அதைத் தமிழாக்குவதோடு நிறுத்தாதீர்கள். உங்களுக்குப் பின் வருபவருக்காக விளக்கத்தையும் எழுதிவையுங்கள். பிடிபடாவிட்டால் ஊகித்து எழுதாமல், நிரலை எழுதியவரையே கேளுங்கள். கேட்டால் பதில் சொல்வார்கள். மொழிபெயர்த்த பிறகு நிரலை நிறுவி, அந்தச் செய்தியைத் திரையில் வரவழைத்து ஒருமுறை உரக்கப் படியுங்கள்.

கணினித்துறை மாணவர்களுக்குத் தனியாக ஒன்று. நாளை நீங்கள் தமிழிலேயே செய்தி எழுதி ஒரு செயலி செய்வீர்கள். அதில் தாராளமாக வேடிக்கை வையுங்கள், நேசமணியையும் வையுங்கள். அதை மலையாளத்துக்கோ பிரெஞ்சுக்கோ கொண்டுபோகப் போகிறவருக்காக, நேசமணி யார் என்று அந்த வரிக்கு மேலே ஒரு குறிப்பு எழுதிவிடுங்கள்.